படித்துக் காட்டி விளக்கப்பட்டது

கேட்காமல் அடுத்த வீட்டு முருங்கைக்கீரையைக்கூடக் கிள்ளாதவள் வேதவதி. ஆனால் திருட்டுக்கு இங்கிலீஷில் எத்தனை பெயர் என்று கேளுங்கள், மூச்சு விடாமல் சொல்வாள். சத்தம் போடாமல் எடுத்துக்கொண்டு போனால் தெஃப்ட். அடித்துப் பிடுங்கினால் ராபரி. அதையே ஐந்து பேர் சேர்ந்து செய்தால் டெக்காய்ட்டி. நாலு பேரோடு நின்றுவிட்டால் மறுபடியும் ராபரிதான். ஐந்தாவது ஆள் காய்ச்சலென்று வீட்டில் படுத்துவிட்டால் மற்ற நாலு பேருக்கும் அதிர்ஷ்டம். நம்பிக் கொடுத்ததை அமுக்கிக்கொண்டால் கிரிமினல் பிரீச் ஆஃப் டிரஸ்ட். ஆசை காட்டி வாங்கிக்கொண்டு கம்பி நீட்டினால் சீட்டிங். கோர்ட்டு வாசலுக்கு வருகிற ஜனங்களுக்கு இந்தப் பிரிவெல்லாம் எங்கே தெரியும்? "என்னை மோசம் பண்ணிட்டான்மா" என்பார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு வரி எந்த செக்‌ஷனில் போய் விழும் என்று வேதவதிக்குக் கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

முப்பத்தோரு வருஷமாக இதுதான் பிழைப்பு. காலையில் ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, காவிரிப் பாலத்து நெரிசலில் நின்றுகொண்டே தூங்கி, திருச்சி கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் நோட்டரி சவரிநாதனின் அறைக்கு வந்து சேர்வாள். அறையில் பாதி அவருக்கு, பாதி இவளுக்கு. அவர் பக்கம் முத்திரை, பதிவேடு, மாதா படம். இவள் பக்கம் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், முதுகு வலிக்கு ஒரு தலையணை. தமிழில் இருக்கிற எஃப்.ஐ.ஆரை, தீர்ப்பை, பத்திரத்தை இங்கிலீஷில் ஆக்கித் தருவாள். மதுரை ஹைகோர்ட்டுக்குப் போவது பாதி, வெளிநாட்டு விசாவுக்குப் போவது பாதி. வக்கீல்களுக்கு இங்கிலீஷ் மனுக்களும் அடித்துக் கொடுப்பாள். அவள் மொழிபெயர்ப்பில் ஒரு வார்த்தை பிசகியது என்று இதுவரை ஒரு பேப்பரும் திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

கர்வம் இருந்து என்ன, அலுப்பு அதைவிட அதிகம். ஊரில் எந்தச் சண்டையானாலும் போலீஸ் எழுதுவது அதே மூன்று வரி. அசிங்கமாகத் திட்டினார், கையால் அடித்தார், கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார். வாய்க்கால் தகராறானாலும் அதுதான், கோழி காணாமல் போன தகராறானாலும் அதுதான். பார்க்காமலே விரல்கள் அடித்துவிடும். இரண்டு வாழைத்தாரை வெட்டிக்கொண்டு போனவன் பேப்பரில் 'டிஷானஸ்ட்லி' என்று நெற்றியில் அடித்தாற்போல் விழும். ஆபீஸில் மூன்று லட்சத்தைக் காணாமல் அடித்த பெரிய மனுஷர் பேப்பரில் 'இர்ரெகுலாரிட்டி' என்று மெத்தை போட்டு உட்கார வைத்திருப்பார்கள். இரண்டையும் இவள்தான் அடிப்பாள். ஆரம்பத்தில் எரிச்சல் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

வீட்டில் வேறு கூத்து. அவள் ஆத்துக்காரர் தேசிக், பள்ளிக்கூட ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். பூனை பாலைக் குடித்துவிட்டால், "சரியான கிரிமினல், பார்த்தியா!" என்பார். பேத்தியைக் கொஞ்சுவது 'ரவுடி, ரவுடி' என்று. காய்க்காரன் காந்தி மார்க்கெட்டைவிடப் பத்து ரூபாய் கூடச் சொன்னால் அவன் ஃபோர் ட்வென்டி. அவரைச் சொல்லி என்ன, ஊரே அப்படித்தான். கோர்ட்டுக் கான்ஸ்டபிள், கைதியோடு சந்துக்கு வந்து, "என்ன அக்யூஸ்ட், டீ சாப்பிடுறியா?" என்று அன்பாகக் கேட்பார். கேஸ் நிரூபணமாவதற்கு முன்னாலேயே டீக்கடையில் அவனைக் குற்றவாளி என்று தீர்த்துவிடுவார்கள். இத்தனையும் கேட்டுக் கேட்டு வேதவதிக்கு, இந்த வார்த்தைகளால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது என்கிற மாதிரி ஒரு மரத்துப்போன நினைப்பு வந்திருந்தது.

அந்த நினைப்போடுதான் ஒரு வியாழக்கிழமை காலையில், ஐப்பசித் தூறலில் நனைந்த புடவை ஓரத்தைப் பிழிந்துகொண்டிருந்தாள். வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருத்திக்கு இருபத்தாறு வயசிருக்கும், தோளில் லேப்டாப் பை. இன்னொருத்தி அம்மா என்று பார்த்தாலே தெரிந்தது. கையில் ஒரு சீப்பு பூவன்பழம்.

"மேடம், நான் இளவேனில். இங்க ஒரு ஆஸ்பத்திரில நர்ஸா இருக்கேன். இவங்க எங்கம்மா, செல்லக்கிளி. தொட்டியம் தாண்டி எங்க ஊரு. ஒரு தீர்ப்பை இங்கிலீஷ்ல மாத்தணும். நாளைக்குள்ள வேணும்."

"எல்லாருக்கும் நாளைக்குள்ளதான் வேணும். உக்காருங்க."

பெண் நிறுத்தி நிதானமாக விஷயத்தைச் சொன்னாள். அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. மூன்று வருஷம் ராத்திரியும் பகலுமாகப் படித்து இங்கிலீஷ் பரீட்சை எழுதி, இரண்டு இன்டர்வியூ தாண்டி வாங்கிய வேலை. விசா பாரத்தில் ஒரு கேள்வி: நீங்கள் எந்த நாட்டிலாவது எந்தக் குற்றத்துக்காகவாவது கன்விக்ட் ஆனதுண்டா? இல்லை என்று யோசிக்காமல் டிக் அடித்திருக்கிறாள். போலீஸ் சர்டிஃபிகேட் வந்தபோது அதில் ஒரு கேஸ் நம்பர் இருந்தது. ஏஜென்ட் அலறிப் புடைத்துக்கொண்டு, பாரத்தை உடனே திருத்து, தீர்ப்பு நகலை இங்கிலீஷோடு வெள்ளிக்கிழமை சாயந்தரத்துக்குள் இன்டர்நெட்டில் ஏற்று, இல்லாவிட்டால் பொய் சொன்னவள் என்று விசா ஆபீஸில் பத்து வருஷத்துக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறார்.

"என்ன கேஸ்?"

"ஒண்ணுமே இல்லை மேடம். எங்க ஊர் ஸ்டாப்பிங்ல சாயந்தர பஸ் நிக்கவே நிக்காது. ரெண்டாயிரத்துப் பதினெட்டுல ஊரே போய் ரோட்டுல உக்காந்தோம். எனக்கு அப்ப பத்தொம்பது வயசு. ஒரு மணி நேரம் இருக்கும். போலீஸ் வந்துச்சு, பேர் எழுதிக்கிட்டாங்க, கல்யாண மண்டபத்துல வெச்சு சாயந்தரம் விட்டுட்டாங்க. பஸ் மறுநாள்லேருந்து நின்னுது."

"அப்புறம் சம்மன் வந்திருக்குமே."

"வந்துச்சு. ரெண்டு மூணு வாய்தா போனோம். அப்ப வக்கீல் சார் சொன்னார், 'இது ஒரு கேஸே இல்லை. எதுக்கு வருஷக்கணக்கா அலையறீங்க? ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போயிடுங்க'ன்னு. எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். அன்னிக்கு சாயந்தரம் வரைக்கும் கோர்ட்டுலயே பெஞ்சுல உக்காந்திருக்கச் சொன்னாங்க. அம்மா பொரி வாங்கிட்டு வந்தாங்க, எல்லாரும் தின்னோம். அவ்வளவுதான் மேடம். முடிஞ்சு போச்சு."

முடிந்து போகவில்லை என்று வேதவதிக்குத் தெரியும். தீர்ப்பை வாங்கிப் பார்த்தாள். எந்தக் கோர்ட்டு என்று இங்கே வேண்டாம். எல்லாக் கோர்ட்டிலும் அப்படித்தான் எழுதுவார்கள், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குப் பேர் எதிரிகள். எதிரிகள் ஒன்று முதல் இருபத்துமூன்று வரை குற்றத்தைத் தாமாக முன்வந்து ஒப்புக்கொண்டதால் அவர்களைக் குற்றவாளிகள் எனத் தீர்மானித்து, நீதிமன்றம் கலையும் வரை சிறைத்தண்டனையும், தலா ஐந்நூறு ரூபாய் அபராதமும். பெஞ்சில் உட்கார்ந்து பொரி தின்றதற்குப் பேர் சிறைத்தண்டனை. சட்டவிரோதமாகக் கூடியதற்கு ஒன்று, வழிமறித்ததற்கு ஒன்று, ஆக இரண்டு குற்றம்.

"மேடம், ஜெயில்னு மட்டும் போடாதீங்க," என்றாள் இளவேனில். "கன்விக்டட்னும் வேண்டாம். ஃபைன் கட்டினாங்கன்னு மட்டும் போடுங்களேன். அதுவும் நிஜம்தானே? ஏஜென்ட் சொன்னார், எழுதறவங்க நினைச்சா லேசா எழுதலாம்னு."

இதைக் கேட்காத ஆளே இல்லை. வேதவதி வழக்கமாகச் சொல்வதையே சொன்னாள். "இருக்கிறதைத்தான்மா எழுத முடியும். கீழ நான் கையெழுத்துப் போடறேன் இல்லையா."

சொல்லிக்கொண்டே கடைசித் தாள்களைப் புரட்டினாள். நகலோடு அவரவர் கொடுத்த ஒப்புதல் மனுக்களையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். எல்லாம் இங்கிலீஷ். முதல் வரியைப் பார்த்ததும் கை நின்றது. அது அவள் நடை. 'ஆஃப் மை ஓன் ஃப்ரீ வில்' என்பதற்கு முன்னால் 'ஹம்ப்ளி' என்று ஒன்றைச் செருகுவது திருச்சியிலேயே அவள் ஒருத்திதான். கீழே இளவேனிலின் கையெழுத்து. அதற்கும் கீழே இன்னொரு வரி. மேற்கண்டவை எதிரிக்குத் தமிழில் படித்துக் காட்டி, விளைவுகள் விளக்கப்பட்டு, அவர் புரிந்துகொண்டார். விளக்கியவர், தே. வேதவதி. கோணல்மாணலான அந்த 'வே' அவளுடையதேதான்.

தாளைக் கவிழ்த்து வைத்தாள். "சாயந்தரம் நாலு மணிக்கு வாங்க," என்றாள். அவர்கள் பழச் சீப்பை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஞாபகம் வராமல் என்ன? அந்த ஊர்க்காரர்களின் வக்கீல் ஹ்ருஷிகேஷ் அப்போது மாடி அறையில் இருந்தார். இப்போது சென்னைக்குப் போய்விட்டார். வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். "மாமி, இருபத்துமூணு மனு, அரை மணியில வேணும், நாளைக் காலைல கோர்ட்டு." ஒன்றை அடித்து, பேரை மட்டும் மாற்றி இருபத்துமூன்று தாள் எடுத்தாள். "அந்தக் கீழ் வரியிலயும் நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டுடுங்கோ. ஃபார்மாலிட்டி." போட்டாள். அந்த ஜனங்கள் அப்போது தொட்டியத்துக்கு அந்தப் பக்கம் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை. எல்லா அறையிலும் எல்லா டைப்பிஸ்டும் அப்படித்தான் போடுவார்கள். அது ஒரு வழக்கம். அந்த வரியைப் போடாமல் மனுவைக் கொடுத்தால் வக்கீலுக்குக் கோபம் வரும், வேலை அடுத்த அறைக்குப் போய்விடும். இந்த முப்பத்தோரு வருஷத்தில் அப்படி எத்தனை வரி? ரெண்டாயிரம்? மூவாயிரம்? பெருமாளே, அதை நினைக்கவே அவளுக்குத் தெம்பில்லை.

மத்தியானம் டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தைப் பிசைந்தவள் அப்படியே மூடி வைத்தாள். சவரிநாதன் பார்த்தார்.

"என்ன மாமி, உடம்புக்கு முடியலையா?"

தாளை அவரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிப் படித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதுக்கா? விடுங்க. அந்தப் பொண்ணு சொல்ற மாதிரியே லேசா எழுதிக் கொடுத்து அனுப்பிடுங்க. அயர்லாந்துல உக்காந்து எவன் தமிழைப் படிச்சு ஒப்பிடப் போறான்?"

"பிரிண்ட்டர்ல பேப்பர் இருக்கா பாருங்கோ சார்," என்றாள் வேதவதி.

அவர் சொன்னதில் ஆசை இல்லாமல் இல்லை. 'கன்விக்டட்' என்பதை 'டீல்ட் வித்' என்று வழுக்கிவிடலாம். சிறைத்தண்டனையை 'ரிமெய்ன்டு இன் த கோர்ட்' என்று தட்டிவிடலாம். பெண் பிழைத்துப் போவாள், இவளும் தப்பித்தாள். ஆனால் தமிழ் மூலத்தையும் சேர்த்துத்தான் ஏற்ற வேண்டும். தமிழ் தெரிந்த ஒருத்தன் பார்த்துவிட்டால் பெண்ணின் தலையில் இரண்டாவது பொய்யும் ஏறும், பொய் அவளுடையது ஆகிவிடும். ஒரு பொய்யை ஏற்கனவே அவள் தலையில் ஏற்றியாயிற்று. வேதவதி தீர்ப்பை வரி வரியாக அப்படியே இங்கிலீஷில் அடித்தாள். கன்விக்டட். இம்ப்ரிஸன்மென்ட். ஒவ்வொன்றையும் எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தாள். இத்தனை வருஷத்தில் இந்த வார்த்தைகளை அவள் பார்த்து அடித்தது இதுதான் முதல் தடவை.

நாலு மணிக்கு இளவேனில் வந்து வாங்கிப் படித்தாள். படிக்கப் படிக்க முகம் சுருங்கியது.

"அப்படியே போட்டுட்டீங்களே மேடம்."

"போட்டுத்தான்மா ஆகணும்."

"மூணு வருஷமா ஐ.சி.யூல நிக்கிறேன். செத்துப் போறவங்க கையப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கேன். சிஸ்டர், சிஸ்டர்னு கூப்பிடுவாங்க. இந்தப் பேப்பர்ல நான் கன்விக்ட். ஜெயிலுக்குப் போனவ." அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த தாளைப் புரட்டினாள். மனுவைப் பார்த்தாள். பத்தொன்பது வயசில் ஓரெழுத்தும் புரியாமல் கையெழுத்துப் போட்டது, இன்றைக்குத் தண்ணீர்பட்ட பாடாகப் புரிந்தது. கீழ்வரி வரைக்கும் வந்துவிட்டாள். "விளைவுகள் விளக்கப்பட்டு... யார் விளக்கினாங்க? எங்களுக்கு யாரும் ஒண்ணும் விளக்கலையே! யார் இந்த தே. வே—"

"நான்தான்," என்றாள் வேதவதி.

இளவேனில் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"உங்களை நான் பார்த்ததே இல்லையே மேடம்."

"நானும் உன்னைப் பார்த்ததில்லை. பார்க்காமலேதான் போட்டேன். ஒருத்தருக்கும் படிச்சுக் காட்டலை. குற்றத்தை ஒத்துக்கிட்டா அது தண்டனையா ஏறும், நாளைக்கு வேலைக்குப் போனா, வெளிநாடு போனா கேப்பாங்கன்னு சொல்லியிருக்கணும். எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் சொல்லலை."

இளவேனிலுக்குக் கோபம் வந்தது. கத்தியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது வேதவதிக்கு. கத்தவில்லை. நர்ஸ் இல்லையா, நிதானமாகவே கேட்டாள். "இதை எழுதிக் கொடுப்பீங்களா? எனக்கு விளக்கலைன்னு? அப்ப அவங்க கொஞ்சமாவது யோசிப்பாங்க."

சவரிநாதன் விருட்டென்று எழுந்து வந்து, "மாமி, ஒரு நிமிஷம்," என்று அவளை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். "புத்தி கெட்டுப் போச்சா? பொய் சர்டிஃபிகேட் கொடுத்தேன்னு நீங்களே எழுதப் போறீங்களா? அதுக்கும் செக்‌ஷன் உண்டு, என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். ஒரு வக்கீல் உங்ககிட்ட அப்புறம் பேப்பர் கொடுப்பானா? உங்க கையெழுத்துக்கு மரியாதை இருக்குமா?"

"தெரியும் சார்."

"எழுதித்தான் தீருவேன்னா, 'இன்அட்வர்ட்டன்ட்லி'ன்னு ஒண்ணு சேருங்க. கவனக்குறைவா நடந்து போச்சு. ஒரே ஒரு பொண்ணு, வேலை மும்முரம், ஒரு தடவை தவறிப் போச்சு. யாரும் அதைப் பெரிசா எடுக்க மாட்டாங்க. பொண்ணுக்கும் ஆச்சு, உங்களுக்கும் ஆச்சு."

நல்ல மனுஷர். நல்லதைத்தான் சொன்னார். வேதவதிக்கு அந்த வார்த்தை இதமாகத்தான் இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்து அடித்தாள். தே. வேதவதி ஆகிய நான், இளவேனில் என்பவரின் மனுவில், அவருக்குப் படித்துக் காட்டாமலே, கவனக்குறைவாகச் சான்றளித்துவிட்டேன். இங்கிலீஷில் அது இன்னும் நாசூக்காக இருந்தது. யார் மேலும் அழுக்குப் படவில்லை.

பிரிண்ட் கொடுக்கப் போகும்போது, அதுவரைக்கும் சுவரோரம் பேசாமல் உட்கார்ந்திருந்த செல்லக்கிளி மெதுவாகக் கேட்டாள்.

"ஏம்மா, இதுல என் பேரு வராதுங்களா?"

"உங்க பேரா? இது உங்க பொண்ணுக்குத்தானேம்மா."

"நானும்தாங்க ரோட்டுல உக்காந்தேன். நானும்தான் கைநாட்டு வெச்சேன். பதினாலாவது பேரு என் பேருதான்."

வேதவதி மனுக்கட்டைப் புரட்டினாள். பதினான்காவது மனுவில் மசிப் பெருவிரல். கீழே அதே வரி, அதே 'வே'.

"அப்ப பாப்பா என்னவோ சொல்லி அழுவுதே, அது நானுந்தானா?" என்றாள் செல்லக்கிளி. மகள் சட்டென்று, "அம்மா, உனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லை, விடு," என்றாள். செல்லக்கிளி விடவில்லை. மகளைப் பார்க்காமல் வேதவதியையே பார்த்தாள்.

"ஆமாம்மா. நீங்களும்தான். எல்லாரும்தான்."

செல்லக்கிளி கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். "பெரிய வீட்டுச் சின்னையன். அவரு சம்சாரம். டீக்கடை காஜா மைதீன், பாவம், பஸ்ஸு நிக்காட்டி யாவாரம் படுத்துடும்னு வந்து உக்காந்த மனுஷன்..." நிறுத்தினாள். "அன்புச்செல்வன்! ஏம்மா, அவனும் அன்னிக்கு இருந்தான். போலீஸ் வேலைக்கு எழுதினாங்க அந்தப் பய. மூணு தடவை எழுதி, ஓடி, தாண்டி, எல்லாத்துலயும் பாஸு. மூணு தடவையும் கடைசில திருப்பி அனுப்பிட்டாங்க. ஏன்னு யாரும் சொல்லலை. சாமிக் குத்தம்னு அவங்கம்மா கடன் வாங்கிக் கிடா வெட்டினா. இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனில கெடக்கான். அதுவும் இதனாலதானா?"

வேதவதி அவன் மனுவையும் தேடி எடுத்துப் பார்த்தாள். "இதனாலதான் இருக்கும்," என்றாள்.

சவரிநாதன் தலையைக் குனிந்துகொண்டு பதிவேட்டில் எதையோ தேடுகிற மாதிரி பாவனை செய்தார்.

வேதவதி மறுபடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். திரையில் 'இன்அட்வர்ட்டன்ட்லி' நின்றுகொண்டிருந்தது. ஒரு தாளில் கை தவறலாம். ஓர் ஆளைக் கவனிக்காமல் விடலாம். இருபத்துமூன்று பேருக்கு இருபத்துமூன்று தரம் பேனாவைத் திறந்து, ஒவ்வொரு தாளாக எடுத்துக் கையெழுத்துப் போடுவதற்குப் பேர் கவனக்குறைவா? அடுத்தவர் செய்திருந்தால் அவள் என்ன வார்த்தை போட்டிருப்பாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறாள், கை கூசாமல். இப்போது கை கூசியது. ஆயுசில் பாதி இந்த நாற்காலியில் போயிற்று. இந்த வயசில் வேறு எந்த அறையில் போய் உட்கார முடியும்? தேசிக்கிடம் என்னவென்று சொல்வது? அழுகை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. அலுப்புதான் வந்தது, சுமந்ததைக் கீழே போட்டுவிட்டால் போதும் என்கிற அலுப்பு.

அந்த வார்த்தையை அழித்தாள். அந்த இடத்தில் 'ஃபால்ஸ்லி' என்று அடித்தாள். இளவேனில் பேருக்குப் பதிலாக இருபத்துமூன்று பேரையும், ஒன்றுவிடாமல், தகப்பன் பேரோடும் புருஷன் பேரோடும் சேர்த்தாள். அதற்கே முக்கால் மணி ஆயிற்று. பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு சவரிநாதன் முன்னால் வைத்தாள்.

அவர் படித்தார். 'ஃபால்ஸ்லி'யில் அவர் விரல் நின்றது. "மாமி, இப்பவும் ஒண்ணும் குடி முழுகிப் போகலை. யோசிச்சுக்குங்க."

"முத்திரையைப் போடுங்கோ சார்."

"சத்தியப் பிரமாணம். எழுதினவங்களுக்குப் புரிஞ்சுதான்னு நான் கேக்கணும்."

"எனக்குப் புரிஞ்சுது. அவங்களுக்குப் புரியணும். கொஞ்சம் இருங்கோ."

தாளை எடுத்துக்கொண்டு எழுந்து போய் செல்லக்கிளிக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து, வருகிறவர்கள் உட்காரும் எதிர்ப் பக்கம் அவள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். நான் இன்னார். இந்தத் தேதியில் இந்த இருபத்துமூன்று பேருடைய மனுவிலும், அவர்களுக்குப் படித்துக் காட்டினேன் என்று பொய்யாகக் கையெழுத்துப் போட்டேன். நான் அவர்களைப் பார்க்கவில்லை. அவர்கள் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமல் போட்டார்கள். தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒவ்வொரு பேராகப் படித்தபோது செல்லக்கிளி தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். தன் பேர் வந்தபோது, "ம்," என்றாள்.

படித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அதற்குமேல் இல்லை.

"புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டாள் வேதவதி.

"புரியுதுங்க." செல்லக்கிளி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபமில்லை, குத்தலுமில்லை, நாலு பேர் பேசுகிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள். "இதை அன்னிக்கே இப்படி ஒரு தடவை சொல்லியிருந்தீங்கன்னா, ஒத்துக்காம வாய்தாவுக்கே வந்துட்டுப் போயிருப்போம்மா. வர்றதுக்கு எங்களுக்கு என்ன?"